சந்தனம் வைக்காத டிஷ்

காலை ஆறு இருபதுக்கு முதல் போன் வந்தது. ஆயுத பூஜைக்கு மறுநாள். அடுப்பில் பால் இருந்தது. பொங்குவதற்குள் இறக்க வேண்டும் என்று போனைத் தோளில் இடுக்கிக்கொண்டு பேசினேன். சங்கராபுரம் பக்கத்து வாடிக்கையாளர். நேற்று ராத்திரி வரை ஓடிய டிவியில் இப்போது படமே இல்லை என்றார். நான் கேட்ட முதல் கேள்வி, "நேத்து டிஷ்ஷுக்குப் பூஜை போட்டீங்களா?" என்பதுதான். போட்டோம் என்றார். ஈரத்துணியால் துடைத்துவிடுங்கள் என்று சொல்லிவிட்டு பாலை இறக்கினேன். பத்து நிமிடத்துக்குள் இன்னும் மூன்று போன்கள் வந்தன. மூவருக்கும் அதே கேள்வி, அதே பதில்.

டிஷ், கேபிள், இன்டர்நெட் இணைப்பு என்று இந்த வேலைக்குப் புதிதாக வந்திருப்பவர்களுக்கு ஏதாவது எழுதிக் கொடுங்கள் என்று நம் சங்கத்தில் கேட்டார்கள். நான் பாலிடெக்னிக்கில் எலக்ட்ரானிக்ஸ் படித்தவள். கள்ளக்குறிச்சி பேருந்து நிலையத்துக்குப் பின்னால் கணவரோடு சேர்ந்து டிஷ் கடை வைத்தேன். அவர் காலமான பிறகு தனியாக நடத்தினேன். முட்டி ஒத்துழைக்காமல் போனதும் கடையை மகள் எஸ்தரிடம் விட்டுவிட்டேன். ஒயர் இழுப்பது, போல்ட் முடுக்குவது எல்லாம் உங்களுக்கு ஒரு வாரத்தில் கைவந்துவிடும். அதை நான் எழுதத் தேவையில்லை. அந்த ஒரு நாளைப் பற்றி மட்டும் எழுதுகிறேன். எஸ்தர் இப்போது அதைச் சிரித்துக்கொண்டே சொல்கிறாள். எனக்கு இன்னும் சிரிப்பு வரவில்லை. 

பூஜைக்கும் படத்துக்கும் என்ன சம்பந்தம் என்று வெளியூரிலிருந்து வந்தவர்கள் கேட்கலாம். நம் பக்கத்தில் ஆயுத பூஜை அன்று ஏர், மோட்டார், வண்டி, அரிசி அரைக்கிற கிரைண்டர் எல்லாவற்றுக்கும் சந்தனமும் குங்குமமும் வைப்பார்கள். வீட்டில் ஓடுகிற எதையும் விடுவதில்லை. டிஷ்ஷை மட்டும் ஏன் விட வேண்டும்? கூரை ஏறி, டிஷ்ஷின் முன்னால் கம்பி நுனியில் மூக்குபோல நீட்டிக்கொண்டிருக்கும் எல்.என்.பி.யின் முகத்தில் குழைத்த சந்தனத்தை அப்பி, நடுவில் ஒரு பொட்டு வைத்து, கம்பியில் சாமந்தி மாலையையும் சுற்றிவிடுவார்கள். சிக்னல் உள்ளே நுழையும் வாசலே அதுதான். அதை அடைத்தால் படம் உடைந்து உடைந்து வரும், இல்லாவிட்டால் வராமலே போகும். ஒவ்வொரு வருஷமும் மறுநாள் காலை எங்கள் கடைக்கு இதற்கென்றே ஒரு கூட்டம் வரும். "பொட்டு வெச்சோம், கண்ண மூடிகிச்சு" என்று ஒருவர் சொன்னதை நாங்கள் வீட்டில் வெகுநாள் சொல்லிச் சிரித்திருக்கிறோம்.

அதனால் அன்றைக்கு நான் யோசிக்கவே இல்லை. எப்போதும் நடப்பது இப்போதும் நடக்கிறது என்று எடுத்துக்கொண்டேன். இந்தத் தொழிலில் அனுபவம் என்பது பாதி நேரம் இதுதான். கேள்வியை முழுதாகக் கேட்பதற்குள் பதில் வந்து நிற்கும். பெரும்பாலும் அது சரியாகவும் இருக்கும், அதனால்தான் ஆபத்து.

ஏழாவதோ எட்டாவதோ போன், கரியாலூர் டீக்கடையிலிருந்து வந்தது. கரியாலூரிலிருந்து மலைக்குள் தள்ளி ஒரு சிற்றூர் இருக்கிறது. அங்கே போன் சிக்னல் கிடையாது. அவர்களுக்கு ஏதாவது சொல்ல வேண்டுமென்றால் கரியாலூர் வந்து டீக்கடைக்காரர் போனில்தான் சொல்லுவார்கள். அந்த ஊரில் அநேகமாக எல்லா வீட்டுக்கும் நாங்கள்தான் டிஷ் மாட்டியிருந்தோம். மாதக் கட்டணம் இல்லாத இலவச டிஷ். ஒரு தடவை செட்டாப் பெட்டியும் டிஷ் குடையும் வாங்கினால் போதும், பிறகு செலவே இல்லை என்று சொல்லித்தான் விற்றோம். அந்த ஊரில் ராமாயி என்று ஓர் அம்மா இருக்கிறார். மரவள்ளி போடுகிறவர், வாய் உள்ளவர், ஊரில் அவர் பேச்சுக்கு மதிப்பு உண்டு. அவர்தான் வீடு வீடாகப் போய், "கள்ளக்குறிச்சிக்காரம்மா ஏமாத்த மாட்டாங்க, நான் ஜவாப்தாரி" என்று சொல்லி எல்லாரையும் வாங்க வைத்தவர்.

டீக்கடைக்காரர் சொன்னது, அந்த ஊரில் நாலைந்து வீட்டில் படம் போய்விட்டதாம், யாராவது வர முடியுமா என்று ராமாயி கேட்கச் சொன்னாராம்.

எஸ்தர் அப்போது படிப்பை முடித்துவிட்டு என்னோடு கடையில் இருந்தாள். ஹெல்மெட்டைக் கையில் எடுத்துவிட்டாள். "நான் போறேன்மா. ஒரு ஈரத்துணி வேலை. மதியத்துக்குள்ள வந்துடுவேன்" என்றாள். மலையில் மழை இருக்கும் என்றேன். மழைக்கோட்டை எடுத்துக்காட்டினாள். வளைவுகளில் மெதுவாகப் போ என்றேன். அதை நான் ஒவ்வொரு தடவையும் சொல்வேன், அவள் ஒவ்வொரு தடவையும் தலையாட்டுவாள். கச்சிராயபாளையம் தாண்டி, மலையேறி, வெள்ளிமலையில் நின்று போன் செய்தாள். மழை தூறுகிறது, இனிமேல் சிக்னல் இருக்காது என்றாள். அவ்வளவுதான். அதற்குப் பிறகு அன்று மாலை வரை அவள் குரல் எனக்குக் கேட்கவில்லை.

கடையைத் திறக்கப் போனால் வாசலில் ஏற்கெனவே ஆட்கள். பக்கத்து மொபைல் ரீசார்ஜ் கடைக்காரத் தம்பி, "இன்னாக்கா, கோயில் மாதிரி கூட்டம்" என்று கேலி செய்தார். வந்தவர்களில் முன்னால் நின்ற ஒருவர் சந்தனத்தைத் துடைத்தாயிற்று, மாலையைக் கழற்றியாயிற்று, டிஷ்ஷையும் இப்படி அப்படித் திருப்பிப் பார்த்தாயிற்று, ஒன்றும் ஆகவில்லை என்றார். இன்னொருவர் வீட்டில் பூஜையே போடவில்லையாம், துக்க வீடு. அதைக் கேட்டதும் எனக்கு முதல் தடவையாக எங்கோ உறைத்தது. கடை டிவியைப் போட்டேன்.

இங்கே ஒன்று சொல்ல வேண்டும். எஸ்தர் பிளஸ் டூ படித்த காலத்தில், காலையில் வீட்டில் டிவி போடக்கூடாது என்று நான் ஒரு சட்டம் வைத்திருந்தேன். அவள் கல்லூரியே முடித்துவிட்டாள். சட்டத்தை நீக்க எனக்கு மறந்துவிட்டது, மீற அவளுக்கு மறந்துவிட்டது. டிஷ் விற்கிற வீட்டில் அன்று காலை முழுவதும் டிவி மூடியே இருந்தது.

கடை டிவியில் படம் இல்லை. கறுப்புத் திரை. சேனல் பட்டியலைத் திறந்தேன். பெயர்கள் எல்லாம் இருந்தன. ஆனால் மக்கள் விரும்பிப் பார்க்கிற தமிழ்ச் சேனல்கள் எல்லாவற்றின் பெயருக்குப் பக்கத்திலும் ஒரு டாலர் குறி வந்திருந்தது. கீழே சிக்னல் கோடு பச்சையாக, முழுதாக நின்றது. சந்தனம் அடைத்திருந்தால் அந்தக் கோடு இறங்கியிருக்க வேண்டும். டிஷ் திரும்பியிருந்தால் கோடே இருக்காது.

நாங்கள் கிறிஸ்தவர்கள். எங்கள் கடை மாடியில் இருக்கிற டிஷ்ஷுக்கு யாரும் சந்தனம் வைத்ததில்லை, மாலை போட்டதில்லை. சந்தனத்தின் மேல் பழி போட முடியாத டிஷ் ஒன்று என் தலைக்கு மேலேயே இருந்தது. காலை ஆறு இருபதுக்கு நான் வீட்டில் ரிமோட்டை ஒரு தடவை அழுத்தியிருந்தால் எஸ்தர் மலை ஏறியிருக்க மாட்டாள்.

உங்களில் பலருக்குத் தெரிந்திருக்கும், தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். இலவசமாக வானத்திலிருந்து வருகிற சேனலை அதை நடத்துகிறவர்கள் எப்போது வேண்டுமானாலும் மூடலாம். சிக்னல் அப்படியே வந்துகொண்டிருக்கும், ஆனால் அதைப் பிரித்துப் படமாக்கும் உரிமை பணம் கட்டிய பெட்டிக்கு மட்டும்தான். அந்த டாலர் குறியின் அர்த்தம் அதுதான். நம் டிஷ்ஷிலும் பெட்டியிலும் எந்தக் கோளாறும் இருக்காது. நாம் செய்ய ஒன்றும் இருக்காது. பட்டியலின் கீழே அரசாங்கச் சேனல்களும் பள்ளிக்கூடப் பாடம் நடத்துகிற சேனல்களும் குறி இல்லாமல் ஓடுவதைப் பார்த்தேன். பார்த்தேனே தவிர, மனதில் வாங்கவில்லை.

பெட்டி அனுப்பும் மொத்த வியாபாரிக்குப் போன் போட்டேன். நிரந்தரமாக மூடிவிட்டார்கள், திரும்பாது என்றார். கூடவே ஓர் ஆலோசனையும் சொன்னார். "ரெண்டு நாள்ல வந்துடும்னு சொல்லிகினு இருங்க. அதுக்குள்ள மாசக் கட்டண டிஷ் ஒரு லோடு அனுப்புறேன். ஜனங்க பொறுக்க மாட்டாங்க, தானா வாங்கிடுவாங்க." ஊரில் வேறு சிலர் அதைத்தான் சொல்லிக்கொண்டிருந்தார்கள் என்று பிறகு தெரிந்தது. சாட்டிலைட் ரிப்பேர் என்றும், மழை மேகம் என்றும்.

என் கண் முன்னால் ஆட்கள் நின்றார்கள். அதில் ஒரு பெரியவர், கரும்பு விவசாயி, கோபப்படாமல்தான் கேட்டார். "காலம் பூரா ஃப்ரீன்னு சொன்னீங்களே மேடம். யார் காலம்? உங்களுதா, எங்களுதா?"

 விற்கும்போது நாங்கள் உண்மையைத்தான் சொன்னோம் என்று நினைத்திருந்தோம். அன்றைக்கு அது உண்மையாகத்தான் இருந்தது. ஆனால் டிஷ்ஷை மட்டும்தான் நான் விற்றேன், சேனல் என்னுடையது இல்லை, அதற்கு நான் வாக்குக் கொடுத்திருக்கக் கூடாது. நீங்கள் இன்று இன்டர்நெட் இணைப்போ வேறு எதுவோ கொடுக்கும்போது, எது உங்கள் கையில் இருக்கிறது, எது இல்லை என்று முதல் நாளே பிரித்துச் சொல்லிவிடுங்கள். விற்பனை கொஞ்சம் கம்மியாகும். ராத்திரி தூக்கம் வரும்.

பெரியவருக்கு நான் சொன்னது இவ்வளவுதான்: இனிமேல் வராது ஐயா. சொன்ன உடனே உள்ளே ஒரு குரல் கேட்டது. கீழே உள்ளவர்களுக்குச் சொல்லிவிட்டேன், மலையில் இருக்கும் அவளுக்கு யார் சொல்வது? அவள் இந்நேரம் ஈரக் கூரைமேல் ஏறி, கோளாறே இல்லாத ஒரு டிஷ்ஷைத் திருப்பிக்கொண்டு இருப்பாள்.

மதியம் அவள் வரவில்லை. டீக்கடைக்காரருக்குப் போன் போட்டேன். அவர் குரலில் ஒரு தயக்கம் இருந்தது. பொண்ணு பத்திரமாக இருக்கிறாள் என்று அவர் முதலில் சொன்னபோதே, பத்திரத்துக்கு என்ன கேடு வந்தது என்று கேட்டேன்.

அந்த ஊரிலிருந்து டீக்கடைக்கு வந்த ஆள் சொன்னதாக அவர் சொன்னதை ஒழுங்குபடுத்திச் சொல்கிறேன். எஸ்தர் போனபோது அந்த ஊரில் நாலைந்து வீட்டில்தான் காலையில் டிவி போட்டிருந்தார்கள். மற்றவர்கள் காட்டுக்குப் போயிருந்தார்கள். அவள் ஒவ்வொரு கூரையாக ஏறிச் சந்தனம் துடைத்தாள். படம் வரவில்லை. பக்கத்து வீட்டு டிஷ்ஷோடு ஒப்பிட்டுப் பார்க்கலாம் என்று அங்கேயும் ஏறினாள். காட்டிலிருந்து திரும்பியவர்கள் டிவியைப் போட்டார்கள், அவர்கள் வீட்டிலும் இல்லை. நேற்று வரை நன்றாக ஓடியது, இந்தப் பெண் வந்து தொட்டாள், போய்விட்டது. அவர்கள் அப்படி நினைத்ததில் தப்பு இல்லை. அவர்கள் பார்த்த வரிசை அதுதான். திரையில் டாலர் குறியைப் பார்த்த ஓர் இளைஞன், மாதப் பணம் கட்டுகிற டிஷ்ஷை விற்பதற்காகக் கடைக்காரர்களே அடைக்கிறார்கள், டவுனில் இப்படித்தான் நடக்கிறது என்று சொல்லிவிட்டான்.

"வண்டி சாவிய வாங்கி வெச்சிக்கினு ஒக்கார வெச்சிக்கிறாங்க மேடம். திட்டல, ஒண்ணும் இல்ல. ராமாயி வூட்லதான் கீது. சோறு போட்டாங்களாம், சாப்ட்டுச்சாம். படத்த தொறந்துட்டு போன்னு சொல்றாங்க" என்றார் டீக்கடைக்காரர்.

 ரீசார்ஜ் கடைத் தம்பி என்னவென்று கேட்டு ஓடிவந்தார். விஷயத்தைக் கேட்டதும் அவர் முகம் மாறிவிட்டது. "அக்கா, போலீசுக்கு ஒரு போன் போடு. வயசுப் பொண்ண புடிச்சி வெக்கிறதுன்னா இன்னா விளையாட்டா?"

இதுவரை எழுதியது எல்லாம் இந்த இடத்துக்கு வருவதற்காகத்தான். போன் என் கையில் இருந்தது. ஒரு தாயாக எனக்கு அந்த நொடியில் வேறு எதுவும் தோன்றவில்லை. அவர் சொன்னது சரி என்றே பட்டது. எண்ணை அழுத்தப் போனவள், ராமாயியின் நிலையில் என்னை வைத்துப் பார்த்ததால் நின்றேன். அவர் ஜவாப்தாரி என்று சொன்னவர். இப்போது ஊர் முழுவதும் அவர் வாசலில் நிற்கும். என் மகளைத் தன் வீட்டுக்குள் உட்காரவைத்துச் சோறு போட்டிருக்கிறார் என்றால், அது அடைத்துவைக்கிற கையா, மற்றவர்கள் பேச்சு அவள்மேல் விழாமல் மறைக்கிற கையா என்று எனக்குத் தெரியவில்லை. இரண்டும் இருக்கலாம். ஒரு டிவிக்காக அந்த ஊருக்குள் போலீஸ் ஜீப் நுழைந்தால், பிறகு அங்கே யார் என்ன ஆவார்கள் என்று என்னால் சொல்ல முடியாது. எஸ்தர் அந்த ஊருக்குள் மறுபடி கால் வைக்கவும் முடியாது. எல்லாவற்றையும் விட, அவர்கள் கேட்டது பணமோ பொருளோ இல்லை. என்ன நடந்தது என்று கேட்டார்கள். அந்தப் பதில் என்னிடம் இருந்தது. அவர்களிடம் போய்ச் சேரவில்லை.

நான் செய்தது எல்லாருக்கும் சரி என்று சொல்ல மாட்டேன். எனக்குள் ஓர் எல்லை வைத்துக்கொண்டேன். விளக்கு வைக்கும் நேரத்துக்குள் அவள் கிளம்பிய செய்தி வராவிட்டால் போன் போட்டுவிடுவது. அது வரை என் கையில் இருப்பதைச் செய்வது.

கடை வாசலில் சலுகை விலை எழுதுகிற கரும்பலகை ஒன்று உண்டு. அதைத் துடைத்துப் பெரிய எழுத்தில் எழுதினேன்:

"நேற்று வரை வந்த தனியார் தமிழ்ச் சேனல்கள் இனி இலவச டிஷ்ஷில் வராது. சேனல்காரர்களே மூடிவிட்டார்கள். உங்கள் டிஷ்ஷிலும் பெட்டியிலும் கோளாறு இல்லை. யாரும் கூரை ஏற வேண்டாம். எந்தக் கடையில் பணம் கொடுத்தாலும் பழைய பெட்டியில் இவை திரும்ப வராது."

ரீசார்ஜ் கடைத் தம்பி படித்துவிட்டு, "கடைய மூடுறதுக்கு போர்டு எதுக்குக்கா, பூட்டு போதுமே" என்றார். ஆனாலும் அவர்தான் பலகையை நன்றாகப் படம் எடுத்துக் கொடுத்தார். எங்கள் கடை டிவியையும், பட்டியலில் டாலர் குறி தெரிகிற மாதிரி, எடுத்தோம். பிறகு மாடிக்குப் போய் சந்தனம் இல்லாத எங்கள் டிஷ்ஷையும் படம் பிடித்து வந்தார். மூன்று படங்களையும் டீக்கடைக்காரர் போனுக்கு அனுப்பினேன்.

அவரிடம் கெஞ்சித்தான் கேட்டேன். யாரிடமாவது போனைக் கொடுத்தனுப்புங்கள் என்றேன். மழையில் போனை யாரிடமும் கொடுக்க மாட்டேன் என்றார்.  பிறகு, கல்லாவில் சம்சாரத்தை உட்கார வைத்துவிட்டு நானே போகிறேன் என்றார். என் மகளிடம் என்ன சொல்ல வேண்டும் என்று கேட்டார். கூரைமேல் ஏற வேண்டாம் என்று சொல்லுங்கள் என்றேன். வேறு ஏதாவது என்றார். அதையே இன்னொரு தடவை சொன்னேன்.

அதற்குப் பிறகு நடந்ததை நான் பார்க்கவில்லை. எஸ்தர் சொன்னதைச் சொல்கிறேன். டீக்கடைக்காரர் நனைந்துகொண்டு போய்ச் சேர்ந்தார். ராமாயி வீட்டில் எஸ்தரும் ராமாயியும் சாமை புடைத்துக்கொண்டிருந்தார்களாம். சும்மா உட்கார்ந்திருக்கிறாயே என்று முறத்தை ராமாயி அவள் கையில் கொடுத்துவிட்டிருக்கிறார். வெளியே ஆட்கள் நின்றிருந்தார்கள். ராமாயி போனை வாங்கி, முதலில் டிஷ் படத்தைப் பார்த்தார். "இதுல சந்தனத்தையே காணோமே, யார் வூட்டுது?" என்று கேட்டார். எங்கள் கடை டிஷ், நாங்கள் பூஜை போடுவதில்லை என்று எஸ்தர் சொன்னாள். அடுத்து டிவி படத்தைப் பார்த்தார். அதே கறுப்புத் திரை, அதே குறி. பலகையில் இருந்ததை எஸ்தரையே படிக்கச் சொன்னார். ஒரு தடவை படித்ததும், வெளியில் நிற்பவர்களுக்குக் கேட்கிற மாதிரி இன்னொரு தடவை படிக்கச் சொன்னார்.

அந்த இளைஞன் அப்போதும் விடவில்லை. போட்டோ யார் வேண்டுமானாலும் எடுக்கலாம் என்றான். அதற்கு ராமாயி சொன்னது: "ஏன்டா, எங்கிட்ட வாங்காதீங்கன்னு எழுதி வாசல்ல மாட்டிகினா எவடா ஏமாத்துவா? ஏமாத்துறவளுக்கு இவ்ளோ பெரிய எழுத்து வராதுடா."

கூட்டத்தில் யாரோ சிரித்தார்கள். அதோடு இறுக்கம் தளர்ந்துவிட்டது என்கிறாள் எஸ்தர். ஆனால் எல்லாரும் சமாதானமாகிவிடவில்லை. சிலர் முகத்தைத் திருப்பிக்கொண்டு போனார்கள். ஓர் அம்மா, இனிமேல் பொழுது எப்படிப் போகும் என்று யாரையும் பார்க்காமல் கேட்டார். 

இதெல்லாம் நடந்துகொண்டிருந்தபோது நான் கடையில் இருந்தேன். வந்தவர்களுக்கெல்லாம் பலகையைக் காட்டினேன். சிலர் திட்டிவிட்டுப் போனார்கள், சிலர் பக்கத்துக் கடையில் இரண்டு நாளில் வந்துவிடும் என்கிறார்களே என்று அங்கே போனார்கள். எதுவும் எனக்கு உறைக்கவில்லை. மலைப் பக்கம் வானம் கறுத்துக் கிடந்தது. அவள் கிளம்பினாலும் ஈரச் சாலையில் இறங்க வேண்டும். கிளம்பாவிட்டால் விளக்கு வைக்கும் நேரம் வந்துவிடும். எது நடக்க வேண்டும் என்று ஜெபிப்பது என்றே தெரியவில்லை. பஸ் ஏறி நானே போய்விடலாம் என்று இரண்டு தடவை செருப்பைப் போட்டேன், அவள் இறங்கி வருகிற நேரத்தில் நான் ஏறிக்கொண்டிருந்தால் என்று இரண்டு தடவையும் கழற்றினேன். அவசரத்தில் இடத்தை விட்டு ஓடாமல் இருப்பதும் ஒரு வேலைதான். உங்களுக்கும் அப்படி ஒரு நாள் வரும். யாராவது ஒருவர் போன் பக்கத்தில் இருக்க வேண்டும்.

தெரு விளக்கு இன்னும் எரியவில்லை. போனை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டு வாசலுக்கு வந்தேன். அப்போதுதான் வண்டிச் சத்தம் கேட்டது. பல வண்டிகள் போகிற தெருதான். ஆனால் எங்கள் வண்டிச் சத்தம் எனக்குத் தெரியும்.

எஸ்தர் ஓட்டிக்கொண்டு வந்தாள். முழங்கால் வரை சேறு. பின்னால், அவளுடைய மழைக்கோட்டைப் போட்டுக்கொண்டு, ஒரு கையால் அவள் இடுப்பையும் இன்னொரு கையால் ஒரு பையையும் பிடித்துக்கொண்டு, ராமாயி உட்கார்ந்திருந்தார். இவ்வளவு மழையில் வயசுப் பெண்ணைத் தனியாக இறக்க மாட்டேன் என்று கிளம்பிவிட்டாராம். வளைவுக்கு வளைவு "மெதுவா போ, மெதுவா போ" என்று சொல்லிக்கொண்டே வந்தாராம். "உன்ன மாதிரியேமா, காது வலிக்குது" என்றாள் எஸ்தர். அவளைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தேன். கையில் ஒரு சிராய்ப்புகூட இல்லை.

ராமாயி இறங்கி, பலகைக்கு முன்னால் போய் நின்றார். அவருக்குப் படிக்க வராது. ஆனாலும் எழுத்து எங்கே ஆரம்பித்து எங்கே முடிகிறது என்று பார்ப்பவர்போல மேலிருந்து கீழ் வரை பார்த்தார். நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டு என்னென்னவோ சொன்னேன். மன்னிப்பா நன்றியா என்று எனக்கே தெரியவில்லை. உங்கள் பேச்சை நம்பித்தானே எல்லாரும் வாங்கினார்கள், உங்களைத் தலைகுனிய வைத்துவிட்டேன் என்றேன். அவர் அதைக் கேட்டதாகவே காட்டிக்கொள்ளவில்லை. பையைத் திறந்து நாலு மரவள்ளிக் கிழங்கை எடுத்துக் கடை மேசைமேல் வைத்தார். பிறகு பலகையைக் காட்டிச் சொன்னார்:

"வராதத எல்லாம் எழுதிட்டம்மா, சரி. இன்னும் இன்னாலாம் வருதுன்னு எழுதவே இல்லியே. அத எழுதிக் குடு, நான் போயி வூடு வூடா சொல்லணும்."